எந்தக் கேமரா என்பதற்கு முன், எத்தனை நாள்: சென்னையில் சுயாதீனப் படம் எடுப்பவருக்கு ஓர் ஒப்பீடு

மந்தைவெளியில் ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டின் சமையலறையைப் படப்பிடிப்புக்கு முந்தைய வாரம் டேப் வைத்து அளந்தேன். சுவருக்குச் சுவர் பத்தடி. அம்மா அடுப்பருகே நிற்கிறாள். மகள் எதிர்ச்சுவர் ஓரமாக நின்று, தான் வேலையை விட்டுவிட்ட செய்தியைச் சொல்கிறாள். இருவரும் ஒரே ஷாட்டில் இருக்க வேண்டும் என்று திரைக்கதை கேட்டது. என்னிடம் அப்போது இருந்த ஒரே நல்ல லென்ஸ் 50 மி.மீ. அதை சூப்பர் 35 அளவு (சினிமா கேமராக்களில் வழக்கமான அளவு) சென்சார் உள்ள கேமராவில் மாட்டி, முதுகு சுவரில் படும்படி நின்று பார்த்தபோது, எதிர்ச்சுவரில் நாலே முக்கால் அடிக்கும் குறைவான அகலம்தான் தெரிந்தது. அம்மா முழுதாக இருந்தாள், மகளின் கை மட்டும் இருந்தது. அதே இடத்தில் நின்றபடி சட்டைப் பையிலிருந்த கைப்பேசியை எடுத்துப் பிடித்தேன். இருவரும் தெரிந்தார்கள், அடுப்புக்கு மேலிருந்த பரணும் சேர்ந்தே தெரிந்தது.

"முதல் படம் எடுக்கப்போகிறேன், எந்தக் கேமரா வாங்கலாம்?" என்று யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சமையலறைதான் நினைவுக்கு வருகிறது. கேள்வி கேட்பவர் பெரும்பாலும் மெகாபிக்ஸலையும் டைனமிக் ரேஞ்சையும் (வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே சட்டகத்தில் தாங்கும் திறன்) மனப்பாடமாக வைத்திருக்கிறார். கதை நடக்கும் அறையின் நீள அகலத்தை அளந்திருப்பதில்லை. கேமராவைக் குறித்த முடிவை அந்த அறையிலிருந்தும், படக்குழுவில் உள்ள ஆட்களின் எண்ணிக்கையிலிருந்தும், எல்லாவற்றுக்கும் மேலாக எத்தனை நாள் படமெடுக்க முடியும் என்பதிலிருந்தும்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு காட்சி முதல் நாளே சரியாக வந்துவிடுவது அரிது. அதை எடுத்து, எடிட்டில் போட்டுப் பார்த்து, எங்கே பிசகியது என்று புரிந்துகொண்டு, மறுபடி போய் எடுக்கும் வாய்ப்பு கிடைக்கும்போதுதான் இயக்குநர் வளர்கிறார். பெரிய நிறுவனப் படங்களுக்கு அந்த வாய்ப்பைப் பணம் வாங்கித் தருகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அதை வாங்கித் தரக்கூடியது நாம் தேர்ந்தெடுக்கும் கருவிதான். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு வழியையும், அது எத்தனை முறை தவறு செய்ய நம்மை அனுமதிக்கிறது என்ற ஒரே அளவுகோலால் அளக்க முயல்கிறேன்.

சென்னை இந்த மாற்றத்தை ஏற்கெனவே ஒருமுறை கண்டிருக்கிறது. கேனன் 5டி மார்க் 2 கேமரா 2008இல் வெளிவந்து, முழுச் சட்டக (பழைய 35 மி.மீ. ஸ்டில் ஃபிலிம் அளவு) சென்சாரில் 1080 வீடியோ எடுக்கலாம் என்று ஆனபோது, கல்யாண வீட்டுப் புகைப்படக்காரரிடம் இருந்த கருவியும் குறும்பட இயக்குநரின் கருவியும் ஒன்றாயின. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சி வழியாகக் கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி போன்றவர்கள் வெளிச்சத்துக்கு வந்தது அதற்கு அடுத்த சில ஆண்டுகளில்தான். 2012இல் பாலாஜி சக்திவேல் இயக்கத்தில், விஜய் மில்டன் ஒளிப்பதிவில் வந்த 'வழக்கு எண் 18/9' டிஎஸ்எல்ஆர் கேமராவில் எடுக்கப்பட்டு, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. தெருவோரக் கடையிலும் நெரிசலான சாலையிலும் கூட்டம் சேராமல் கேமராவை வைக்க முடிந்ததற்கு அந்தச் சிறிய பாடி எவ்வளவு உதவியிருக்கும் என்பதை, சென்னைத் தெருவில் ஒருமுறையாவது ட்ரைபாடை விரித்தவர்கள் உடனே உணர்வார்கள்.

இன்று நம் முன் இருக்கும் வழிகளில் முதலாவது, கையில் ஏற்கெனவே இருக்கும் கைப்பேசி. இதை ஏளனமாகப் பார்ப்பதும் தவறு, இதுவே எல்லாவற்றுக்கும் போதும் என்று சொல்வதும் தவறு. 2023இல் வந்த ஐபோன் 15 ப்ரோவில் லாக் முறையில் (பிறகு நிறம் திருத்த வசதியாக, வெளிறிய பிம்பமாக) பதிவு செய்யும் வசதி வந்தது. அதே ஆண்டு ஐபோனுக்கும், 2024இல் ஆண்ட்ராய்டுக்கும் பிளாக்மேஜிக் நிறுவனத்தின் கேமரா செயலி இலவசமாகக் கிடைத்தது. இந்தச் செயலியின் மதிப்பு, ஷட்டர், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), வெண்மைச் சமநிலை மூன்றையும் நாமே பூட்டி வைக்கலாம் என்பதில் இருக்கிறது. கைப்பேசியின் சொந்தச் செயலியில் எடுக்கும்போது நடிகர் ஜன்னலைக் கடந்து நடந்தால் சுவரின் நிறமே நடுவில் மாறிவிடும். பிறகு கலரிங்கில் அதைச் சரிசெய்ய உட்காருபவரின் பாடு பெரும்பாடு.

கைப்பேசியின் சென்சார் சிறியது என்பதால் பின்னணி எளிதில் மங்காது. முன்னே இருக்கும் முகமும் பின்னே இருக்கும் நாட்காட்டியும் ஏறக்குறைய ஒரே கூர்மையில் தெரியும். பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். நான் இதை ஓர் ஒழுங்காகவே கருதுகிறேன், ஏனென்றால் பின்னணியை மங்கடித்து மறைக்க முடியாதபோது, அந்தச் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது, கொடியில் என்ன காய்கிறது, கதவுக்கு அப்பால் யார் கடந்து போகிறார்கள் என்று ஒவ்வொன்றையும் யோசித்தே ஆக வேண்டும். ஆழத்தில் காட்சியை அமைக்கப் பழகாத ஒருவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது கடினம். ஆனால் இரவுக் காட்சி என்று வந்துவிட்டால் சிறிய சென்சார் கைவிட்டுவிடும். தெருவிளக்கின் கீழ் எடுத்த நிழல் பகுதிகளில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறி, அதை மறைக்கக் கைப்பேசி தானாகவே முகத்தை மெழுகுபோல் வழித்துவிடும். மே மாத வெயிலில் மொட்டை மாடியில் தொடர்ந்து எடுத்தால் கருவி சூடேறித் திரை மங்குவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கைப்பேசியின் இன்னொரு செலவு கண்ணில் படாதது. ப்ரோரெஸ் என்ற, குறைவாகச் சுருக்கும் பதிவு முறையில் 4கே, வினாடிக்கு 30 பிரேம் என்று வைத்தால், ஐபோனில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஜிபி ஆகிறது. அதாவது ஒரு மணி நேரத்துக்கு 360 ஜிபி. சோனி எஃப்எக்ஸ் 30 கேமராவில் 4கே 24 பிரேமில் வினாடிக்கு 100 மெகாபிட் வீதத்தில் எடுத்தால் ஒரு மணி நேரம் 45 ஜிபிக்குள் அடங்கும். பிளாக்மேஜிக் நிறுவனத்தின் பாக்கெட் 4கே கேமராவில் 12:1 சுருக்கத்தில் சுமார் 100 ஜிபி ஆகும். இருபது நிமிடக் குறும்படத்துக்கு நான்கு மணி நேரக் காட்சி எடுப்பதாகக் கொண்டால், முறையே 1,440, 180, 400 ஜிபி. ஒவ்வொன்றையும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வைத்தாக வேண்டும் என்பதால் இருமடங்கு. செலவே இல்லை என்று நினைத்த கைப்பேசிதான் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அதிகப் பணம் செலவழிக்க வைக்கிறது. கைப்பேசியில் எடுப்பவர்கள் முழு ப்ரோரெஸை விட்டு, 10 பிட் ஹெச்இவிசி என்ற, அதிகம் சுருக்கும் முறையில் லாக் வைத்து எடுத்தால் இந்தச் சுமை பெருமளவு குறையும். குறும்படத்துக்கு அது தாராளமாகப் போதும்.

இரண்டாவது வழி, வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் இருக்கும் வாடகை நிறுவனங்களிலிருந்து ஆரி அலெக்ஸா மினி போன்ற பெரிய கேமராவை நாள் கணக்கில் எடுப்பது. இந்தியாவில் இந்த அளவுக்கு வாடகைக் கருவிகளும் அவற்றைக் கையாளத் தெரிந்தவர்களும் அருகருகே கிடைக்கும் ஊர்கள் மிகச் சில. அந்த வகையில் சென்னைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். கேமராவோடு அதைப் பார்த்துக்கொள்ள ஒரு அட்டெண்டரும் வருவார். அவருக்குப் பேட்டாவும் போக்குவரத்தும் நம் பொறுப்பு. அனுபவமுள்ள அட்டெண்டர் வாய்த்தால் அவரே ஒரு பள்ளிக்கூடம். லென்ஸை எப்படித் துடைப்பது, ட்ரைபாடை மணலில் எப்படி நிறுத்துவது என்று நான் கற்றதெல்லாம் அப்படிப்பட்டவர்களிடம்தான்.

ஆனால் அலெக்ஸா மினி தனியாக வருவதில்லை என்பதை முதல்முறை எடுப்பவர்கள் உணர்வதில்லை. பாடி மட்டும் சுமார் 2.3 கிலோ, லென்ஸ், மேட் பாக்ஸ், மானிட்டர், பேட்டரி எல்லாம் சேர்ந்தால் அதைத் தாங்கும் ட்ரைபாட் வேண்டும், ஃபோகஸை மாற்றித் தர ஃபோகஸ் புல்லர் வேண்டும், இவர்களையும் பெட்டிகளையும் ஏற்றிவர வண்டி வேண்டும், மதியம் எல்லோருக்கும் சாப்பாடு வேண்டும். நான்கு பேர் கொண்ட குழு பதினான்காகிறது. அந்தப் பதினான்கு பேரும் மந்தைவெளிச் சமையலறைக்குள் நுழைய முடியாது என்பது ஒருபுறம் இருக்க, மறுநாள் திரும்பி வர முடியாது என்பதுதான் உண்மையான நஷ்டம். மாலை ஆறு மணிக்கு நடிகை அருமையாக வேறொன்றைச் செய்து காட்டும்போது, "இதையே இன்னொரு கோணத்திலும் பார்ப்போம்" என்று சொல்ல வேண்டிய இயக்குநர், இரவுக்குள் கேமராவைத் திருப்ப வேண்டுமே என்று கடிகாரத்தைப் பார்க்கிறார். அழகான பிம்பம் கிடைக்கிறது, தேடல் நின்றுவிடுகிறது.

வாடகைக் கருவியால் பட்ட அடி ஒன்றையும் சொல்ல வேண்டும். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலக் காட்சிக்காக ஒரு நாள் வாடகைக்கு எடுத்திருந்தோம். ஏலம் எந்த இயக்குநருக்காகவும் காத்திருக்காது. முதல் ஷாட்டிலேயே தூரத்துப் படகுகள் எந்த நிலையிலும் கூர்மைக்கு வரவில்லை; லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம், அதாவது பேக் ஃபோகஸ், விலகியிருந்தது. தொலைபேசியில் அழைத்தபோது மாற்று லென்ஸ் ஒன்பது மணிக்கு வரும் என்றார்கள். ஒன்பது மணிக்கு அங்கே ஈரத் தரையும் காலிக் கூடைகளும்தான் இருந்தன. முந்தைய நாள் மாலையே வாடகை நிறுவனத்துக்குப் போய், ஒவ்வொரு லென்ஸையும் மாட்டி, அருகிலும் தொலைவிலும் ஃபோகஸ் பார்த்து, ஒவ்வொரு கார்டிலும் ஒரு நிமிடம் பதிவு செய்து பார்ப்பதை இப்போது நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. அந்தச் சோதனைக்கு ஒதுக்க ஒரு மாலைப் பொழுது இல்லாதவர் வாடகைக் கேமராவை நாடாமல் இருப்பதே நல்லது.

மூன்றாவது வழி, சிறிய கேமரா ஒன்றைச் சொந்தமாக வாங்குவது. என் மனம் இந்தப் பக்கமே சாய்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. கணக்கு எளிது: வாங்கும் விலையிலிருந்து இரண்டு ஆண்டு கழித்து விற்றால் கிடைக்கக்கூடிய தொகையைக் கழித்து, மீதியை அதே தரக் கேமராவின் நாள் வாடகையால் வகுக்க வேண்டும். ஒரு லட்ச ரூபாய்க் கேமராவை அறுபதாயிரத்துக்கு விற்க முடியும் என்றும், நாள் வாடகை இரண்டாயிரம் என்றும் வைத்துக்கொண்டால், இருபது நாள் எடுத்தாலே சொந்தக் கேமரா லாபம். ஆண்டுக்குப் பத்து நாள்கூட எடுக்கப்போவதில்லை என்று மனசாட்சிப்படி தெரிந்தால் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை நடிகர்களுக்குக் கொடுங்கள்.

எனினும் இந்தக் கணக்கில் சேராத ஒன்று கைப்பழக்கம். வீட்டு அலமாரியில் கேமரா இருந்தால், மாலை ஐந்தரைக்கு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் நீளும்போது ஓடிப்போய் எடுத்துப் பார்க்கலாம். ஒரே லென்ஸை மூன்று மாதம் மாட்டி வைத்துக்கொண்டு திருவல்லிக்கேணிச் சந்துகளில் அலைந்தால், கேமராவைக் கண்ணில் வைக்காமலே எங்கே நின்றால் என்ன தெரியும் என்று கால்களுக்குத் தெரிந்துவிடும். நாள் வாடகைக் கருவியில் இந்தப் பழக்கம் ஒருபோதும் வராது, ஏனென்றால் அதைக் கையில் எடுக்கும் நாளிலெல்லாம் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும். எடிட்டில் ஒரு ஷாட் குறைகிறது என்று தெரிந்த மறுநாளே தனியாகப் போய்ப் பேட்ச் ஒர்க் முடித்துவிட்டு வரும் சுதந்திரமும் சொந்தக் கேமரா தருவதுதான். கைப்பேசியும் இதே சுதந்திரத்தைத் தருகிறது என்பதை மறுக்கவில்லை. சொந்தக் கேமரா அந்தச் சுதந்திரத்தை இரவிலும் தருகிறது.

வாங்குவதென்று முடிவானால், குறைந்த முதலீட்டில் பேசப்படும் இரண்டு கேமராக்கள் சுபாவத்தில் நேர்மாறானவை. 2018இல் அறிவிக்கப்பட்ட பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே வெளிவந்தபோது 1,295 டாலர். சோனி எஃப்எக்ஸ் 30, 2022இல் பாடி மட்டும் 1,799 டாலருக்கு வந்தது. பாக்கெட்டில் ரா பதிவு (சென்சார் தரும் தகவலை ஏறக்குறைய அப்படியே சேமிப்பது) கேமராவுக்குள்ளேயே நடக்கிறது, டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ மென்பொருளும் உரிமத்தோடு கூடவே வருகிறது. எடிட்டையும் கலரிங்கையும் தானே செய்பவருக்கு இது பெரிய கொடை. தோல் நிறத்தை, குறிப்பாக நம் ஊர்க் கறுத்த தோலின் மீது விழும் டியூப்லைட் பச்சையை, பின்னால் உட்கார்ந்து திருத்தும்போது அந்த ரா கோப்பு காட்டும் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் பாக்கெட்டில் நடிகரைத் தொடரும் ஆட்டோஃபோகஸ் கிடையாது. உள்ளே நடுக்கத்தைத் தாங்கும் அமைப்பும் கிடையாது. அதில் போடும் சிறிய பேட்டரி ஒன்று ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. ஆகவே அது ஃபோகஸ் இழுக்க ஓர் ஆளையும், ட்ரைபாடையும், பேட்டரிகளின் வரிசையையும் கேட்கும் கருவி. எஃப்எக்ஸ் 30 இவை மூன்றையும் தானே பார்த்துக்கொள்கிறது. கேமராவைப் பிடிப்பவரும் இயக்குபவரும் ஒருவரே என்றால், நடிகர் எங்கே நடந்தாலும் கண்ணில் ஃபோகஸ் நிற்கும் என்ற நம்பிக்கை கிடைக்கும்போது, அவர் வசனத்தையும் முகத்தையும் கவனிக்க முடிகிறது. எனவே ஒளிப்பதிவு செய்ய நண்பர் ஒருவர் நிரந்தரமாக உடன் இருந்தால் பாக்கெட்டையும், தனியாகவோ இருவராகவோ வேலை செய்தால் எஃப்எக்ஸ் 30ஐயும் தேர்ந்தெடுப்பேன்.

முழுச் சட்டக எஃப்எக்ஸ் 3 குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2021இல் 3,899 டாலருக்கு வந்த அந்தக் கேமராவில் 2023ஆம் ஆண்டின் 'தி கிரியேட்டர்' என்ற ஹாலிவுட் படம் எடுக்கப்பட்டது என்பதை விற்பனைக் கடைகளில் தவறாமல் சொல்வார்கள். அந்தப் படத்தின் செலவு எட்டுக் கோடி டாலர் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். இருட்டில் அது அபாரமாகப் பார்க்கிறது என்பதில் ஐயமில்லை. படத்தின் பாதி இரவில், கிடைக்கும் வெளிச்சத்தில் நடக்கிறது என்றால் மட்டும் அந்தக் கூடுதல் பணத்துக்கு நியாயம் உண்டு. இல்லையென்றால் அதே கேமராவை, படத்தில் வரும் ஓரிரு இரவுக் காட்சிகளுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாம்.

பாடியை முடிவு செய்த பிறகு லென்ஸுக்கு வருகிறோம், மந்தைவெளிச் சமையலறைக்கும் திரும்புகிறோம். அந்தக் காட்சியை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய 16 மி.மீ. லென்ஸில் எடுத்தேன், பத்தடியில் பதினான்கரை அடி அகலம் அது காட்டியது, எதிர்ச்சுவர் முழுவதும் அடங்கியது. பாக்கெட்டாக இருந்தால் அதன் சென்சார் இன்னும் சிறியது என்பதால் 12 மி.மீ. தேவைப்பட்டிருக்கும். நம் ஊர் வீடுகளின் உள்ளே எடுக்கப்போகிறவர், எல்லோரும் சொல்கிறார்களே என்று முதலில் 50ஐ வாங்காமல், ஓர் அகன்ற லென்ஸையும் அதற்கடுத்து 30, 35 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் ஒன்றையும் வாங்குவது பொருத்தம். மூன்றாவது லென்ஸ் முதல் படத்துக்குத் தேவையில்லை. இரண்டே லென்ஸ் இருக்கும்போது நாம் நகர்கிறோம், நடிகரை நகர்த்துகிறோம், அதிலிருந்து காட்சி பிறக்கிறது.

லென்ஸைவிட அவசரமாக வாங்க வேண்டியது என்.டி. ஃபில்டர் (நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) என்பதைச் சென்னை வெயில் கற்றுத்தருகிறது. லாக் முறையில் ஐஎஸ்ஓ 800இல் எடுக்கிறோம் என்று கொள்வோம். உச்சி வெயிலில் லென்ஸின் துவாரத்தை எஃப் 16 என்று சுருக்கினால் ஷட்டர் 1/800 வினாடி கேட்கும். அசைவு இயல்பாகத் தெரிய நமக்கு வேண்டியது 1/50. அது நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இருமடங்காவது) வித்தியாசம். துவாரத்தை எஃப் 2.8க்குத் திறந்தால் மேலும் ஐந்து ஸ்டாப். ஆக ஒன்பது ஸ்டாப் வெளிச்சத்தைத் தடுத்தாக வேண்டும். ஃபில்டர் இல்லாதவர் ஷட்டரை ஏற்றிவிடுவார்; அப்போது மெரினாவில் ஓடும் சிறுவனின் கால்கள் வெட்டி வெட்டித் தெரியும். அதே 1/50, வீட்டுக்குள்ளும் காப்பாற்றுகிறது: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய டியூப்லைட் வினாடிக்கு நூறு முறை மினுக்குகிறது, 1/50 வினாடியில் சரியாக இரண்டு மினுக்கல் அடங்கிவிடுவதால் படத்தில் பட்டை ஓடாது. 24 பிரேமில் எடுத்தாலும் ஷட்டரை 1/48க்குப் பதிலாக 1/50இல் வைப்பது இங்கே நல்ல பழக்கம். விளக்கு வாங்கப் பணம் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஜன்னலும் இரண்டு தெர்மாகோல் அட்டையும் இருந்தால் ஒரு முகத்தைக் கண்ணியமாக ஒளியூட்ட முடியும்.

ஒலியைப் பற்றிச் சொல்லாமல் கேமராவை ஒப்பிடுவது நேர்மையாகாது. தமிழ் சினிமா பெரும்பாலும் டப்பிங்கை நம்பி வளர்ந்தது. படப்பிடிப்பில் வழிகாட்டுவதற்கான பைலட் டிராக் ஒலியை மட்டும் பதிவு செய்துவிட்டு, பிறகு டப்பிங் தியேட்டரில் நடிகர் மறுபடி பேசுவார். தொழில்முறை நடிகர்களுக்கு அது கைவந்த கலை. ஆனால் சுயாதீனப் படத்தில் நடிப்பவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டு அக்காவோ கல்லூரி நண்பனோதான். அடுப்படியில் உடைந்த குரலில் சொன்ன ஒரு வார்த்தையை, இரண்டு மாதம் கழித்துக் கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவர்களால் மறுபடி சொல்ல முடியாது. ஆகவே படப்பிடிப்பில் பதிவாகும் குரலையே பயன்படுத்தும் லைவ் சவுண்டுக்குத் திட்டமிடுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அதற்காக மின்விசிறியை நிறுத்த வேண்டும், பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், கேமராவின் உள்விசிறி ஓடும் சத்தத்தையும் ஒரு நாள் அமைதியான அறையில் உட்கார்ந்து கேட்டுப்பார்க்க வேண்டும். 2022இல் வந்த ஜூம் எஃப் 3 போன்ற 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டரில், கிசுகிசுப்பும் கூச்சலும் ஒரே காட்சியில் வந்தாலும் ரெக்கார்டருக்குள் ஒலி உடையாது. அளவைக் கண்காணிக்கத் தனி ஆள் இல்லாத குழுவுக்கு இது பெரிய உதவி. கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கை மைக்குக்கும் ரெக்கார்டருக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் கேமராவைத் தேடுவதே என் வழக்கம்.

சிறிய கருவி என்பதற்காக அனுமதி வாங்குவதைத் தவிர்க்கலாம் என்று எண்ண வேண்டாம். கடற்கரை, ரயில் நிலையம், மெட்ரோ ஆகிய இடங்களில் கைப்பேசியில் எடுத்தாலும் படப்பிடிப்பு படப்பிடிப்புதான். நடுவில் நிறுத்தப்பட்டால் அந்த நாளே போய்விடும்.

சொந்தமாக வைத்துக்கொள்பவருக்குச் சென்னைக் காற்று ஒரு வேலை வைக்கிறது. உப்பும் ஈரமும் கலந்த இந்தக் காற்றில், குறிப்பாக ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில், பீரோவுக்குள் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று சிறிய மீட்டரில் பார்த்துக்கொண்டால் போதும். விடியற்காலைக் கடற்கரைக் காட்சி இருந்தால் முந்தைய இரவு கேமராவை ஏசி அறையில் வைக்கக் கூடாது. ஒருமுறை அப்படி வைத்துவிட்டு பட்டினப்பாக்கத்தில் பையைத் திறந்தேன். லென்ஸ் முழுவதும் பனி மூடி, துடைக்கத் துடைக்க மறுபடி மூடியது. அரை மணி நேரம் கழித்துத் தெளிந்தபோது சூரியன் கடலைவிட்டு ஒரு பனை உயரம் ஏறியிருந்தது. மறுநாள் காலை பேருந்தில் போய் அதே இடத்தில் அந்தக் காட்சியை எடுத்தேன். கேமரா என்னுடையது என்பதால் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பயன்படுத்திய கேமராவை வாங்குவதில் தவறில்லை, முதல் கருவிக்கு அதையே பரிந்துரைப்பேன். விற்பவரைப் பகலில் சந்தியுங்கள். லென்ஸைக் கழற்றி, துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்புறமிருந்து கைப்பேசி டார்ச்சை அடித்து முன்புறம் வழியாகப் பாருங்கள். பூஞ்சை இருந்தால் சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தெரியும், அப்படித் தெரிந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். எஃப் 16இல் வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சாரில் உள்ள தூசும் கீறலும் கருப்புப் புள்ளிகளாக வெளிப்படும். உங்கள் சொந்தக் கார்டைப் போட்டு இருபது நிமிடம் தொடர்ந்து பதிவு செய்து, கேமரா சூடேறி நிற்கிறதா என்று பாருங்கள். கார்டு வாசல், ஹெச்டிஎம்ஐ வாசல், மைக் வாசல் மூன்றிலும் கேபிளைச் சொருகி லேசாக அசைத்துப் பாருங்கள். பழைய கேமராக்கள் முதலில் தளர்வது அங்கேதான். பில்லும் பெட்டியும் கேளுங்கள், பாடியில் உள்ள எண் பில்லில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.